எழுதி வைத்தவர்கள்

அம்பாசமுத்திரத்தை அடுத்த கல்லிடைக்குறிச்சியில், குலசேகரமுடையார் அறம்வளர்த்த நாயகி கோயிலில் 1982ஆம் ஆண்டு ஒரு திருட்டு நடந்தது. நடராசர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர் உள்ளிட்ட ஐம்பொன் திருமேனிகள் களவு போயின. போலீசில் புகார் கொடுத்தார்கள். துப்புத் துலங்கவில்லை என்று கொஞ்ச காலத்தில் வழக்கை மூடிவிட்டார்கள்.

2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உள்ள தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் ஒரு நடராசரை விலை கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அந்த நடராசர்தான் இந்த நடராசர் என்பதை யார் சொல்வது? ஊர்ப் பெரியவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு 'எங்க சாமிதான்' என்று சொன்னால் வெளிநாட்டுக் கலைக்கூடம் ஏற்றுக்கொள்ளாது. சான்றாக நின்றது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்து வைத்திருந்தது. கல்லிடைக்குறிச்சிக்கு அவர்கள் 1958இல் வந்திருக்கிறார்கள். அந்தப் படத்தையும் அடிலெய்டில் இருந்த சிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019 செப்டம்பரில் நடராசர் ஊர் திரும்பினார்.

சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் உழைப்பை அன்றைய செய்தித்தாள்கள் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், எனக்கு அந்தப் படத்தோடு இருந்த விவரக் குறிப்பின் மேல்தான் கண். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சாமி, எந்த ஆண்டு என்று எழுதி, எண் போட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு நடுவே தேடினால் கிடைக்கும்படி ஒருவர் அடுக்கி வைத்தாரே, அவர் யார்? அந்தக் குறிப்பு இல்லாமல் வெறும் படம் மட்டும் இருந்திருந்தால் அது இன்னொரு நடராசர் படம். தமிழ்நாட்டில் நடராசர் படத்துக்கா பஞ்சம்?

ஆவணக் காப்பாளர் என்ற வேலையின் சாரம் இதுதான். பொருளைப் பத்திரப்படுத்துவது அதில் பாதி. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், எந்த நிலையில் வந்தது என்ற விவரம் பொருளை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

குற்றாலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. சீசன் நாளில் பேரருவிக்கும் ஐந்தருவிக்குமாக அலைமோதும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. துண்டைப் பிழிந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருக்கும் சீட்டைப் படிப்பவர்கள் குறைவு. பொருளுக்குக் கீழே உள்ள நாலு வரிக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. வந்த தேதி, வந்த வழி, அளவு, எடை, பழுது, வைத்திருக்கும் இடம் எல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும். பொருளின் மேலேயே, பார்வைக்குத் தெரியாத ஓர் இடத்தில், பின்னால் அழிக்கத் தோதான ஒரு மெல்லிய பூச்சின் மேல் அதன் எண்ணைச் சின்னதாக எழுதுவார்கள். அந்த எண் அழிந்தாலோ, பதிவேடு தொலைந்தாலோ பானை வெறும் பானைதான்.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ரீ செய்த நல்ல காரியம், ஒவ்வொரு பொருளையும் வரிசைப்படுத்தி ஒரு விவர அட்டவணை எழுதியது. அது 1915இல் அச்சாயிற்று. நூறு ஆண்டு கழித்தும் ஆதிச்சநல்லூரைப் பற்றி எழுதுகிற எவரும் அந்த அட்டவணையைத் தொடாமல் எழுத முடியாது. தென்காசி மாவட்டத்திலேயே, திருமலாபுரத்தில் தொல்லியல் துறை 2024இல் அகழாய்வைத் தொடங்கிக் கற்பலகைகள் சூழ்ந்த ஈமத்தாழிகளைக் கண்டெடுத்திருக்கிறது. அங்கே குழியிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு ஓட்டுக்கும் குழி எண், ஆழம், மண்ணடுக்கு, தேதி என்று ஒரு சீட்டு எழுதி அதோடு போடுவார்கள். நாளைக்கு யாரோ ஒருவர் அந்த ஓட்டைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லப்போவது அந்தச் சீட்டுத்தான்.

குற்றாலத்தில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: சாரல். ஆனியும் ஆடியும் வந்தால் ஊரே குளிர்ந்துபோகிறது, நமக்கெல்லாம் கொண்டாட்டம். ஓலைக்கும் தாளுக்கும் செம்புக்கும் அது ஆகாத காலம். காற்றில் ஈரம் ஏறினால் தாளில் பூஞ்சை பூக்கும். வெண்கலத்தில் ஏற்கெனவே உப்புச் சேர்ந்திருந்தால் வெளிர்பச்சைத் தூளாக அரிப்புக் கிளம்பும். அதைச் சாதாரணக் களிம்பு என்று விட்டுவிட்டால் சிலையைத் தின்றுவிடும். சாரல் நின்று வெயில் காலம் வந்தால் ஓலை வறண்டு முறுகும். ஈரத்தைவிட, ஈரமும் வறட்சியுமாக மாறி மாறி வருவதுதான் அதிகம் கெடுக்கிறது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பது, தரையில் எதையும் வைக்காமல் இருப்பது, கட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூச்சு முட்ட வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றுவது என்று சின்னச் சின்ன வேலைகளில்தான் பாதுகாப்பு இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் இடித்துச் சிறு பொட்டலமாகக் கட்டிச் சுவடிகளுக்கு இடையே வைக்கும் வழக்கம் பெயர் பெற்றது. அந்தக் கிராம்பு குற்றாலத்து மலையிலும் விளைகிறதுதான். 18ஆம் நூற்றாண்டு முடிகிற வேளையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்ட காலத்திலிருந்து வந்த வழி அது. சீசனில் கடைவீதியில் மங்குஸ்தான் வாங்கித் தின்கிறோமே, அதற்கும் அந்தத் தோட்டத்தோடு உறவு உண்டு.

ஒரு சுவடிக் கட்டு கைக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். ஆர்வத்தில் நாமாக இருந்தால் கயிற்றை அவிழ்த்து முதல் ஏட்டைப் படிக்கத் தொடங்கிவிடுவோம். விவரம் தெரிந்தவர் அதைச் செய்யமாட்டார். கட்டை முதலில் தனியாக வைப்பார். பூச்சி இருந்தால் மற்றக் கட்டுகளுக்குப் பரவக்கூடாது. பிறகு கட்டு எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். மேலும் கீழும் மரச்சட்டம் இருக்கிறதா, துளையில் நாராசம் என்ற கம்பி இருக்கிறதா, கயிற்றின் நுனியில் கிளிமூக்கு என்ற வெட்டுத் துண்டு இருக்கிறதா, எத்தனை ஏடு, எத்தனை முறிந்தவை. அதற்கப்புறம்தான் கயிற்றை அவிழ்ப்பது. மெல்லிய தூரிகையால் ஏட்டின் இரண்டு பக்கமும் தூசு தட்டுவார். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பொறுமை வேண்டும், மூங்கில் சீவலை நுழைத்து நூலிழை நூலிழையாகப் பிரிக்க வேண்டும். எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தடவினால் ஓலைக்கு வளைகிற குணம் திரும்பும், பூச்சியும் அண்டாது.

அந்த நேரத்தில் ஓலையில் எழுத்து இருப்பதே தெரியாது. எழுத்தாணி கீறிய கோட்டில் மை இல்லை, பழுப்பின் மேல் பழுப்பு. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து ஏட்டின் மேல் பூசி, துணியால் துடைத்தெடுக்கும்போது மேற்பரப்பில் இருந்த கரி போய்விடும், கீறலுக்குள் இறங்கியது நிற்கும். அப்போது வரி வரியாக எழுத்து எழும்பி வருவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் கோவையிலைச் சாற்றையும் ஊமத்தையிலைச் சாற்றையும் சேர்த்துக்கொள்வார்கள்.

எழுத்து தெரிந்துவிட்டால் படித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். குறில் எகரம், நெடில் ஏகாரம் ஒன்றுபோல இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். கணக்கு ஓலை என்றால் மாவும் காணியும் முந்திரியுமாகப் பின்னங்கள் குறியீடுகளில் இருக்கும். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நிலப்பத்திரத்தில் ஒரு குறியைத் தவறாகப் படித்தால் வயலின் அளவே மாறிப்போகும்.

இதோடு தென்காசிப் பக்கத்துக்கே உரிய இன்னொரு பாடமும் படித்தாக வேண்டும். இங்கே பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போடுவார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. பிரபவ, விபவ என்று போகும் தமிழ் ஆண்டோ சித்திரையில் பிறக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் இரண்டையும் போடுவார். ஒரு கிரயப் பத்திரத்தில் 'கொல்லம் 1032 பிங்கள வருஷம் சித்திரை' என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கொல்லம் 1032 பிறந்தது 1856 ஆவணியில், அப்போது நடந்தது நள வருஷம். 1857 சித்திரையில் பிங்கள பிறந்தது, ஆவணி வரைக்கும் கொல்லம் 1032தான். ஆக, கணக்குச் சரி. அதுவே 'கொல்லம் 1032 பிங்கள ஐப்பசி' என்று இருந்தால்? பிங்கள ஐப்பசியில் கொல்லம் 1033 வந்துவிட்டது. ஒன்று படியெடுத்தவர் கை தவறியிருக்கிறார், இல்லையென்றால் பின்னால் உட்கார்ந்து யாரோ பத்திரத்தைச் 'செய்திருக்கிறார்கள்'. எந்தக் கருவியும் வேண்டாம், மனக்கணக்கே போதும். வருஷப் பெயர் மட்டும் இருந்து கொல்லம் ஆண்டு இல்லையென்றால் பாடு அதிகம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். அப்போது எழுத்தின் வடிவம், குறிப்பிட்ட நாணயம், சாட்சிகளின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும்.

கொல்லம் ஆண்டு இங்கே புழங்கியதில் வியப்பில்லை. மேற்கே ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாள தேசம். கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிகிற வரை திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தது. பக்கத்தில் இருக்கும் தென்காசியோ சென்னை மாகாணத்துத் திருநெல்வேலிச் சீமை. தென்காசியிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஊருக்கு வேறு அரசு, வேறு சட்டம், வேறு கஜானா. ஆகவே வேறு ஆவண அறை. செங்கோட்டைக்காரர் ஒருவர் தன் ஊரின் பழைய அரசு ஆவணங்களைத் தேடினால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பயனில்லை, திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் சுருணை சுருணையாக இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று எழுத்தும் பலவகை. அவற்றில் ஒரு பகுதியைக் காட்சிப்படுத்தித் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் அவர் சுட்டது சென்னை மாகாணத்து அதிகாரியான கலெக்டர் ஆஷை. அந்த ஒரு நிகழ்ச்சியின் தடயங்களே இரண்டு அரசுகளின் கோப்புகளில் பிரிந்து கிடப்பதை யோசித்துப் பாருங்கள். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ஆஷின் அடிச்சுவட்டைத் தேடி அயர்லாந்து வரைக்கும் போக வேண்டியிருந்தது.

தென்காசியின் ஆவணங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டால் அது திகைக்க வைக்கும். வருவாய்த் துறையின் பழைய தொகுதிகள் எழும்பூரில், 1909இல் கட்டிய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேட் 1917இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் அந்த வகை அரசு ஆவணங்களின் பலத்தில் எழுந்தவை. கோயில் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் சொன்ன பிறகுதான் அவை அசைந்தன. ஊத்துமலை, சிவகிரி, சொக்கம்பட்டி என்று இந்த மாவட்டத்தில் ஜமீன்கள் பல. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது நிலம் யாருக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அரண்மனை அலமாரிகளில் இருந்த கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் யார் பொறுப்பு என்பதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

குற்றாலத்து மூலிகைக்காட்டின் ஆவணமோ ஸ்காட்லாந்தில் இருக்கிறது. கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் ஒயிட் 1830களில் குற்றாலத்தில் தங்கிச் செடி செடியாகச் சேகரித்தார். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். இதழும் சூலும் விதையும் பிரித்துப் பிரித்து அவர்கள் வரைந்த படங்களைப் பார்த்தால், இலையைத் தொட்டால் நரம்பு தட்டுப்படும் போலிருக்கும். அந்தப் படங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவிலும் லண்டனின் கியூ பூங்காவிலும் பத்திரமாக இருக்கின்றன. ஒயிட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். ஆனாலும் அந்த ஓவியர்களை உலகம் மறந்துதான் போயிருந்தது. எடின்பரோவில் வேலை பார்த்த ஹென்றி நோல்ட்டி என்ற தாவரவியலாளர் படம் படமாக எடுத்து, யார் வரைந்தது, என்ன செடி என்று அட்டவணை போட்டு எழுதிய பிறகுதான் ரங்கையாவும் கோவிந்துவும் கலை வரலாற்றுக்குள் வந்தார்கள். அதற்கு மேல் ஒருவருக்கு என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஓவியங்களின் நல்ல நகல்களைக் குற்றாலத்திலேயே மாட்டி வைத்தால் என்ன? ஐந்தருவிப் பாதையில் நடந்து போகிற பிள்ளைகள் அந்தச் செடியையும் பார்க்கலாம், படத்தையும் பார்க்கலாம்.

தென்காசிக்கே ஓர் ஆவணக்காரர் அரசராக இருந்திருக்கிறார் என்பேன். உலகம்மன் சமேத காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446இல் கட்டத் தொடங்கினார். கோயில் எப்போது தொடங்கியது, கோபுரம் எப்போது தொடங்கியது என்பதையெல்லாம் கல்லில் எழுதி வைத்தார். அவர் பெயரால் அங்கே உள்ள பாட்டுக் கல்வெட்டு ஒன்று, பின்னால் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாரோ, அவரை உலகம் அறிய நான் பணிகிறேன் என்று சொல்கிறது. அரசர் வருங்காலத்து மனிதரின் காலில் விழுகிறார். குறை வராமல் இருக்கவில்லை. கோபுரம் தீயில் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுந்து 1990இல் குடமுழுக்கு நடந்தது. தென்காசிப் பாண்டியர் என்று ஒரு மரபு இருந்ததையும், அவர்களுடைய வரிசையையும் நாம் ஓரளவு ஒழுங்காகச் சொல்ல முடிவதற்கு இந்தக் கல்வெட்டுகள்தான் பெருங்காரணம். அவற்றை அச்சில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் டி.ஏ. கோபிநாத ராவ். திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளை அவர் பதிப்பித்தார். பாருங்கள், இங்கும் திருவனந்தபுரம்தான் முந்திக்கொண்டது.

மேலகரத்துக்கு வருவோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் ஊர். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். உ.வே.சா.வை ஆதரித்த திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். இலக்கிய வரலாறுகள் எல்லாம் இந்தச் செய்தியைச் சொல்லி நகர்ந்துவிடும். ஆவணக் காப்பாளர் நகரமாட்டார். அந்த மேடு இன்றைக்கு எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இனாம் விசாரணை நடந்தபோது யார் பெயரில் இருந்தது, செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்தப் பெயர் எப்போது மறைந்தது என்று கேட்பார். பாட்டிலிருந்து வயலுக்கு நடக்கிற பாதை அது. இதற்கான பதில்கள் தாலுகா அலுவலகத்துப் பழைய கட்டுகளிலும் எழும்பூரிலுமாகச் சிதறிக் கிடக்கும்.

தாலுகா அலுவலகம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அரசு அலுவலகங்களில் கோப்பு முடிந்தால் அதன் தலையில் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது ஒன்றைப் போடுவார்கள். ஓராண்டில் அழிப்பது, மூன்றாண்டில் அழிப்பது, பத்தாண்டில் அழிப்பது, நிரந்தரமாக வைப்பது. வேலைப் பளுவுக்கு நடுவே ஓர் உதவியாளர் போடும் அந்த இரண்டெழுத்துத்தான், நூறு ஆண்டு கழித்து இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும் என்ன தெரியாது என்பதை முடிவு செய்கிறது. பேரருவியில் வெள்ளம் வந்து கடைகளை அடித்துப்போனபோது யார் யார் நிவாரணம் கேட்டு மனு எழுதினார்கள் என்ற கோப்பு, அதிகாரியின் கணக்கில் மூன்றாண்டுக்கு மேல் வேண்டாதது. நமக்கு அது ஊரின் வரலாறு. கழிக்கிற கோப்புகளைக் கழிப்பதற்கு முன்னால் ஒரு பயிற்சி பெற்ற காப்பாளர் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றையாவது எடுத்து வைப்பார்.

தென்காசி 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமாக உதயமாயிற்று. கலெக்டர் அலுவலகம் வந்தது, எஸ்.பி. அலுவலகம் வந்தது. மாவட்டத்துக்கென்று ஆவணக் காப்பகம் ஒன்று வர வேண்டாமா? புதிய மாவட்டம் பிறக்கும் நேரம் ஆவணங்களுக்குக் கண்டம். பழைய தலைநகரத்திலிருந்து கட்டுகள் லாரியில் ஏறும். எதை ஏற்றினார்கள், எதை இறக்கினார்கள் என்ற பட்டியல் இல்லையென்றால் நடுவில் விழுந்தது விழுந்ததுதான். ஒரு நல்ல அறை, ஈரம் அளக்கும் கருவி, ஸ்கேனர், நிரந்தர வேலையில் ஒரு காப்பாளர், ஓர் உதவியாளர். இவ்வளவுதான் கேட்பது. சிறிய அருங்காட்சியகங்களில் இந்தப் பதவி தனியாக இருப்பதே அபூர்வம். காப்பாட்சியரே பதிவேடும் எழுதுவார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றியும் காட்டுவார், கூரை ஒழுகினால் அதற்கும் கடிதம் எழுதுவார். ஸ்கேன் செய்துவிட்டால் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்கேன் செய்த படத்துக்கும் பெயர் வேண்டும், எண் வேண்டும், விவரம் வேண்டும். பெயரில்லாத பத்தாயிரம் படங்கள் வன்தட்டில் கிடப்பதும் பரணில் மூட்டை கிடப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் பத்திரப்படுத்தி வைத்தவர்களும் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன என்றால் அதற்குக் காரணம், அவற்றைப் பெற்றவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான். எழுதியவர் வீட்டில் கடிதம் இருக்காது. பெற்றவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து கொடுக்க ஒருவர் மனது வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்ய வேண்டாம். ஒரு வீட்டில் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஆசையாக லேமினேஷன் செய்து வைத்திருந்தார்கள். சூட்டில் மை மங்கி, உள்ளே காற்று புகுந்த இடமெல்லாம் கறை படிந்திருந்தது. இனி அதைப் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம், பசை பழுத்துத் தாளைத் தின்னும். ஓலைக்கு மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். மடித்த தாளை விரித்து, அமிலம் இல்லாத தாள் உறையில் படுக்கை வாட்டில் வையுங்கள். சாரல் காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து உலர்த்த வேண்டும் என்று வெயிலில் பரப்பாமல், நிழலில் காற்றாட வைத்தால் போதும். படிக்கத் தெரியாத ஓலை என்றால் தூக்கி ஆற்றில் விடாமல் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகச் சுவடித் துறைக்கோ சொல்லுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் கொடுக்க வேண்டாம், படம் எடுத்துக்கொள்ள விடுங்கள்.

பழைய புகைப்படங்களுக்குப் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல், நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தெரியும். வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள், அவருக்குத் தெரிந்த முகங்கள் உங்களுக்குத் தெரியாது. ஆண்டு நினைவில்லை என்று பாட்டி சொன்னால் யார் கல்யாணம், எந்தத் தேரோட்டம், அந்தச் சமயம் யார் கைப்பிள்ளை என்று கேட்டு அதை எழுதிவிடுங்கள். ஆண்டைக் காப்பாளர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துக்கொள்வார்.